அத்தியாயம் 9: இரண்டாம் ஆண்டுப் பசி

எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆனவருக்கு இந்த அத்தியாயம் வேண்டாத வேலையாகத் தோன்றும். பசியே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் போனில் அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது. அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறது. பல வருஷமாக அசையாத எடை வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. அவரிடம் போய்த் தின்னும் ஆசையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். சிரித்துவிட்டாவது படியுங்கள். இங்கே சொல்லப்போவதில் பாதி, பசி இல்லாத இந்த மாதங்களிலேயே செய்துவைக்க வேண்டிய ஏற்பாடுகள்.

பசி போனதற்கு மனஉறுதி காரணம் அல்ல. ஸ்லீவ் முறையில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. பைபாஸில் கதை கொஞ்சம் வேறு. வயிற்றின் மேல்பகுதியைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, சாப்பாடு முன்குடலைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்கிறார்கள். இதனால் போதும் என்ற உணர்வைத் தரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் வழக்கத்தைவிட அதிகம் சுரக்கின்றன.

ஆனால் உடம்பு இழந்ததை மீட்கப் பார்க்கும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வாக்கில் பசி மறுபடி தலைகாட்டுகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, அறுவைசிகிச்சை செய்துகொண்ட இரண்டாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த எஸ்ஓஎஸ் ஆய்வு, எடையும் கொஞ்சம் திரும்ப ஏறுவதைத் தெளிவாகக் காட்டியது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. 200 பவுண்ட் இருந்த ஒருவர் 136க்கு இறங்கி, பிறகு 150இல் வந்து நின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதினான்கு பவுண்டைத் தோல்வி என்று நினைத்து மனம் உடைந்தவர்கள்தான் அடுத்த முப்பதையும் ஏற்றிக்கொள்கிறார்கள். கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. 2022இல் அமெரிக்க, உலக எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுவதுதான் காரணம். ஆக, இனிமேல் அறுவைசிகிச்சைக்குப் போகும் தமிழர்களில் பலர் பார்வைக்கு அவ்வளவு பருமனாக இருக்க மாட்டார்கள். "இந்த உடம்புக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று கேட்கும் உறவினர்களையும் அவர்கள் சமாளித்தாக வேண்டும்.

பசியா, ஆசையா

வயிற்றுப் பசிக்கும் வாய் ஆசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவித்த முட்டை ஒன்று போதும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பை நினைத்துக்கொள்ளலாம். "இப்போது அதைச் சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி, உட்கார்ந்து சாப்பிடுங்கள். "அது வேண்டாம், காராசேவு இருந்தால் தேவலை" என்று மனசு சொன்னால் அது ஆசை. அதை எப்படிக் கையாள்வது என்று பிறகு பார்ப்போம்.

தாகமும் பசி வேஷம் போடும். அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாததால் பலருக்கு நாள் முழுக்க நீர் குறைவாகவே இருக்கிறது. ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், வாய் வாயாகக் குடித்துவர வேண்டும்.

மூன்றாவது வேஷத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதைத் தெரியாமலேயே மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். பைபாஸ் ஆனவர் ஒருவர் காலையில் ரவாகேசரி சாப்பிடுகிறார். சர்க்கரை சிறுகுடலில் ஒரே பாய்ச்சலாக இறங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென ஏற, அதற்கு ஈடாக இன்சுலின் அளவுக்கு அதிகமாகச் சுரக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலெனக் கீழே போகிறது. கை நடுங்குகிறது, வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கூடவே அகோரப் பசி. அவர் பாவம், பசி என்று நம்பி இன்னொரு இனிப்பை வாயில் போடுகிறார். மதியம் அதே கூத்து மறுபடி நடக்கிறது. பிந்திய டம்பிங் என்று இதைச் சொல்கிறார்கள். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வரலாம், பைபாஸில் கூடுதல். சாப்பிட்ட அரை மணிக்குள் வயிறு முறுக்கி, பேதியாகி, படபடப்பு வருவது முந்திய டம்பிங். அது வலியோடு வருவதால் எளிதில் பிடிபட்டுவிடும். பிந்தியதுதான் ஏமாற்றும்.

நம் வீடுகளில் குளுக்கோமீட்டருக்குப் பஞ்சமில்லை. அந்த மாதிரிப் பசி வரும்போது விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் முதலில் நாலு அவுன்ஸ் ஜூஸ் அல்லது குளுக்கோஸ் மாத்திரை. அளவு ஏறியதும் புரதமுள்ள எதையாவது கொஞ்சம் சாப்பிட்டுச் சர்க்கரையை நிலைப்படுத்துங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு கிளினிக்கைக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ பழைய மாத்திரைகளோ இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். சர்க்கரை இறங்கிய நிலையில் கார் ஓட்டவே கூடாது. கலிஃபோர்னியாவின் 880 நெடுஞ்சாலையிலோ நியூ ஜெர்சி டர்ன்பைக்கிலோ போய்க்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

வழுக்கி இறங்கும் சாப்பாடு

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எடை திரும்ப ஏறியவர்கள் பெரும்பாலும் சொல்வது, "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே!" பொய் இல்லை. ஒரு வேளைக்கு அவர்கள் தட்டில் இருப்பது உண்மையிலேயே கொஞ்சம்தான். விஷயம் அளவில் இல்லை, பதத்தில் இருக்கிறது. மென்று தின்ன வேண்டிய கோழிக்கறி, மீன், பனீர், கெட்டிச் சுண்டல் போன்றவை சிறுத்த வயிற்றில் நெடுநேரம் தங்கும். நாலு வாய்க்கு மேல் உள்ளே போகாது, அடுத்த நாலு மணி நேரம் பசிக்காது. குழைந்ததும் கரைவதும் அப்படி இல்லை. வயிறு வெறும் புனலாகிவிடும். மேலே போட்டது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், நிறைந்த உணர்வே வராது.

நம் சமையலில் இந்த ரகம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்: குழைந்த தயிர்சாதம், ரசம் சாதம், வெண்பொங்கல், இடியாப்பம், சேமியா உப்புமா, பாயசம், ஹார்லிக்ஸ். முறுக்கும் தட்டையும் மிக்ஸ்சரும் கையில் கெட்டியாக இருந்தாலும் வாயில் போட்டதும் மாவாகிவிடுவதால் இந்தப் பட்டியலில்தான் சேரும். சிக்கன் 65 நாலு துண்டுக்கு மேல் இறங்காத அதே வயிற்றில், படம் பார்த்துக்கொண்டே கிராண்ட் ஸ்வீட்ஸ் முறுக்குப் பாக்கெட் பாதி போய்விடும். காரணம் இதுதான்.

இந்தப் பழக்கம் எப்படித் தொற்றிக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒருநாள் அவசர அவசரமாகக் கோழித்துண்டு விழுங்குகிறார், நெஞ்சில் அடைக்கிறது, வாந்தி. இன்னொரு நாள் சப்பாத்தி அடைக்கிறது. கறியும் சப்பாத்தியும் ஆகாது, தயிர்சாதம்தான் ஒத்துக்கொள்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். வீட்டாரும் "பாவம், அதாவது சாப்பிடட்டும்" என்று குழைத்துக் குழைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷத்தில் புரதம் தட்டைவிட்டே போய்விடுகிறது, முடி கொட்டுகிறது, பசியும் எடையும் ஏறுகின்றன. கறி அடைத்ததற்குப் பல சமயம் காரணம் வேகம்தான். சுண்டைக்காய் அளவுத் துண்டு, இருபது தடவையாவது மெல்லுதல், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் கரண்டியைக் கீழே வைத்தல் என்றிருந்தால் பெரும்பாலோருக்கு இறங்கிவிடும். நிதானமாகச் சாப்பிட்டும் அடிக்கடி அடைத்தால் உணவுப் பாதை குறுகியிருக்கலாம். மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தண்ணீர் விதி இங்கேதான் முக்கியமாகிறது. தட்டுப் பக்கத்தில் டம்ளர் வைப்பது நம் வழக்கம், ரசத்தைக் கடைசியில் கையில் ஊற்றிக் குடிப்பது அதைவிடப் பெரிய வழக்கம். சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி வரையிலும் எதையும் குடிக்காமல் இருந்தால்தான் கெட்டிச் சாப்பாடு வயிற்றில் தங்கும். ரசத்தை விடச் சொல்லவில்லை. சாயங்காலம் நாலரைக்குத் தனியாக ஒரு கப் சூடாகக் குடியுங்கள். அந்த நேரத்து ஆசையை அடக்க ரசத்தைப் போல ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று பெரும்பாலான உணவியலாளர்கள் சொல்கிறார்கள். அசைவம் சாப்பிடுபவருக்கு இது எளிது, மூன்று அவுன்ஸ் கோழியிலோ மீனிலோ 20 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் சாம்பாரை நம்பி ஏமாறுகிறார்கள். நம் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். சிறிய இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம், ஒரு கப் சாதத்தில் 4 கிராம். அதற்குப் பதில் காலையில் ஒரு சின்ன அடையும் ஒரு கப் கிரீக் யோகர்ட்டும் சாப்பிட்டால் இருபதைத் தொடலாம். மதியம் 100 கிராம் கெட்டி டோஃபுவைப் பொடிமாஸாகப் புரட்டி, அரை கப் வெந்த பருப்பைக் கூட்டாகச் சேர்த்தால் இன்னொரு இருபதுக்கு மேல். மாலையில் அரை கப் சுண்டலில் 7 கிராம். இரவு 75 கிராம் பனீர் சாப்பிட்டால் கணக்கு அறுபதைத் தாண்டிவிடும். இது இரண்டாம் ஆண்டுக்கான கணக்கு. முதல் மாதங்களில் அவ்வளவு இறங்காது, அப்போது புரதப் பவுடர் கைகொடுக்கும். தட்டில் எது இருந்தாலும் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சாதம். சாதத்தில் தொடங்கி அதைத் தொட்டுக்கொள்ளக் காய் என்ற நம் வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். முதல் மாதம் தட்டு அந்நியமாகத் தெரியும், பிறகு பழகிவிடும்.

இரவு மீட்டிங்கும் பேன்ட்ரியும்

பெரிய விருந்துகள் எடையை ஏற்றுவதைவிட, நாள் முழுக்க நடக்கும் கொறிப்புதான் அதிகம் ஏற்றுகிறது. கொறிப்பில் சாப்பிட்டோம் என்ற நினைவே தங்காது. பிள்ளை மிச்சம் வைத்த மேக் அண்ட் சீஸ், டப்பாவை மூடுமுன் ஒரு கை பொட்டுக்கடலை, காபி போடும்போது இரண்டு பிஸ்கட். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குச் சமையலறை பத்து அடி தூரத்தில் இருக்கிறது.

பே ஏரியாவில் இரவு ஒன்பது மணி என்றால் சென்னையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஆஃப்ஷோர் டீமோடு பேச வேண்டியவர்கள் சான் ஹோசேயிலோ ஃப்ரீமான்ட்டிலோ உட்கார்ந்து பதினோரு மணி வரை மீட்டிங்கில் இருக்கிறார்கள். கேமரா ஆஃப், மைக் மியூட், பக்கத்தில் மிக்ஸ்சர் டப்பா. தூக்கம் குறைந்தால் பசி ஏறுவதும் கற்பனை அல்ல. 2004இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. மனஉறுதியை வைத்துக்கொண்டு இதோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு மீட்டிங் தவிர்க்க முடியாதது என்றால், இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து எட்டரைக்கு ஒரு புரத வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கை உட்காராமல் நடந்துகொண்டே கேளுங்கள். அல்லது மேனேஜரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாளாவது காலைக்கு மாற்றுங்கள். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை காலையில், டெக்சஸ்காரர்களுக்கு இன்னும் முன்னால். அவர்கள் காலை உணவைத் தவறவிட்டுப் பத்தரைக்குக் கிடைத்ததைத் தின்பார்கள்.

வீட்டு ஏற்பாட்டில் ஒரே ஒரு விதியைக் கறாராக வைத்திருங்கள்: எதையும் பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாதீர்கள், நின்றுகொண்டும் சாப்பிடாதீர்கள். வேண்டுமென்றால் கிண்ணத்தில் எடுத்து, மேசையில் உட்கார்ந்து, போனை வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். காஸ்ட்கோ அளவுப் பைகள் வீட்டுக்குள் வரவே வேண்டாம். பிள்ளைகளுக்கு வேண்டும் என்பார்கள். பிள்ளைகளுக்கும் அந்த அளவு வேண்டாம்.

அந்த இருபது நிமிஷம்

ஆசை வந்துவிட்டது. அவித்த முட்டைச் சோதனையில் அது ஆசைதான் என்று தெரிந்தும்விட்டது. அடுத்து?

வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் குடியையும் புகையையும் விட முயன்றவர்களுக்கு ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஆசையை எதிர்க்காமல், அதற்கு இணங்கியும் விடாமல், உடம்பில் எங்கே தெரிகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று வேடிக்கை பார்க்கச் சொன்னார். பெரும்பாலான ஆசைகள் இருபது முப்பது நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக வடிந்துவிடும். உணவு ஆசைக்கும் இது பலிக்கிறது. வாயில் ஊறுவதைக் கவனியுங்கள், தொண்டையைக் கவனியுங்கள். சும்மா உட்கார முடியாதவர்கள் வெளியே ஒரு சுற்று நடக்கலாம், ஊருக்குப் போன் போடலாம், பல் தேய்க்கலாம். பல் தேய்த்த வாயில் அல்வா ருசிக்காது.

அதே சமயம், பிடித்த எதையும் வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. தடை போட்ட பண்டம் மனசில் பூதாகாரமாகி, ஒருநாள் டப்பாவோடு காலியாகும். ஆறு மாதம் கழிந்து, கிளினிக்கும் சரி என்றால், தீபாவளிக்கு அதிரசத்தில் ஒரு கால் பாகம் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். புரதத்தோடு ஒரு வேளை முடித்த கையோடு, எல்லாரும் இருக்கும்போது, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். ஒளித்துத் தின்பதில்தான் அளவு போகிறது. தீபாவளி லேகியத்தை மருந்து என்று இரண்டு உருண்டை நீட்டுவார்கள். அதிலும் வெல்லமும் நெய்யும்தான் இருக்கிறது, பைபாஸ்காரர்கள் உஷார். நவராத்திரி மாதிரி உங்களுக்கு வசதியான பண்டிகை வேறில்லை. ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு சுண்டல், அத்தனையிலும் புரதம். தேங்காயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

விரதம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து மாலையில் சர்க்கரைப் பொங்கலோடு முடிப்பது இந்த உடம்புக்கு ஒத்துவராது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், மோர் குடியுங்கள். ரமலான் நோன்பு வைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். நீரும் விட்டமினும் எந்த நேரத்தில் எடுப்பது என்று அவர் திட்டம் போட்டுக் கொடுப்பார்.

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன?"

சனிக்கிழமை எடிசனில் பிறந்தநாள் விழா, ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில். அந்தப் பக்கம் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், டெக்சஸில் பேர்லாண்ட் மீனாட்சி கோயில். வாரக் கடைசி என்றாலே நமக்குச் சாப்பாடுதான். பிரசாதத்தைப் பற்றிய மனக்கலக்கம் வேண்டாம். ஒரு ஸ்பூன் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிடலாம். தொன்னையைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

விருந்து வீடுதான் கடினம். அங்கே பரிமாறுவது பாசம். வேண்டாம் என்றால் முகம் வாடும். "அக்கா, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார். பிரியாணியை டப்பாவுல போட்டுக் குடுங்க, நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்" என்று கேளுங்கள். டப்பா கேட்டவரிடம் எந்த அக்காவும் கோபித்துக்கொண்டதில்லை. பொட்லக் என்றால் இன்னும் சுலபம், நீங்கள் சாப்பிடக்கூடியதை நீங்களே கொண்டுபோங்கள். பனீர் டிக்காவோ மீன் வறுவலோ ஒரு தட்டு இருந்தால் உங்கள் வேளை முடிந்தது.

இங்கே வெளியில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி வரும். நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் எடையைக் குறைக்க வயிற்றில் லேப் பேண்ட் பொருத்திக்கொண்டார். மே மாதம் பத்திரிகையில் வரும்வரை ரகசியமாக வைத்திருந்தார். அவருக்கே அப்படி என்றால், வாட்ஸ்அப் குழுவில் பேசுவார்களே என்று நாம் பயப்படுவது புரிகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கும், அடிக்கடி விருந்துக்குக் கூப்பிடும் ஒரு நண்பருக்குமாவது சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காகவே தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, வேகமாகத் தின்று, பாத்ரூமில் போய் வாந்தியெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு அம்மா வருவதுதான் உச்சக்கட்டச் சோதனை. பெட்டியைத் திறந்தால் தட்டை, ரிப்பன் பக்கோடா, இருட்டுக்கடை அல்வா. மகள் இளைத்துப் போனதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்காது. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன?" என்பார். அவரிடம் வாதாடுவதைவிட வேலை கொடுப்பது பலிக்கும். "அம்மா, எனக்கு ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரோட்டீன் வேணுமாம். நீதான் ஏதாவது ருசியா யோசிச்சுச் செய்யணும்" என்று பொறுப்பை ஒப்படையுங்கள். கிளினிக்கின் உணவியலாளரைப் பார்க்க அவரையும் அழைத்துப் போங்கள். பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனிலாவது கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். வெள்ளை கோட்டுப் போட்டவர் சொன்னால் அம்மா கேட்பார், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

கை மீறும்போது

இதுவரை சொன்னதெல்லாம் பழக்கத்தைச் சரிசெய்யும் வழிகள். சிலருக்கு விஷயம் பழக்கத்தைத் தாண்டியது. வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, தனியாக ஒளிந்து சாப்பிட்டுவிட்டு வெறுப்பில் புழுங்குவது. இது வாரா வாரம் நடந்தால் அதைக் கட்டுப்பாடற்ற உண்ணல் நோய் என்று பார்க்க வேண்டும். 2013இலிருந்து இது அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது. அறுவைசிகிச்சைக்கு முன்பு இருந்தால் பின்பும் வரலாம். சிறிய வயிற்றில் பெரிய அளவு போகாது என்பதால், கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் கட்டுப்பாடு போன உணர்வுதான் அடையாளம். இதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, மருந்தும் இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பதை வெட்கமாக நினைப்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன்: அறுவைசிகிச்சைக்கு அனுமதி வாங்கவே பெரும்பாலும் ஓர் உளவியலாளரைப் பார்த்திருப்பீர்கள். அவரையே திரும்பக் கூப்பிடலாம்.

துக்கமும் இப்படித் தள்ளிவிடும். என்பிசி தொலைக்காட்சியின் ஆல் ரோக்கர் 2002இல் பைபாஸ் செய்துகொண்டு நூறு பவுண்டுக்கு மேல் இழந்தவர். தாயார் நோயுற்று மறைந்த காலத்தில் நாற்பது பவுண்ட் ஏறியதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு மீண்டும் குறைத்தார். ஊரில் அப்பா இறந்து, இருபது மணி நேர விமானத்தில் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மாதங்களில் எடை குறைப்பதை மறந்துவிட்டு, மூன்று வேளை, புரதம், தூக்கம் ஆகிய மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மது விஷயத்தைப் பூசி மெழுக முடியாது. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறி, அதிக நேரம் நிற்கிறது. 2012இல் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், மதுப் பழக்கச் சிக்கல் அறுவைசிகிச்சைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைச் சிலர் கிளாஸில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் ஒரு கிளாஸுக்கே தலை சுற்றினால் அதுதான் எச்சரிக்கை. மனம் மிகவும் சோர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் 988 என்ற அமெரிக்க நெருக்கடி உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

எடை கணிசமாக ஏறியவர்கள் உடனே இரண்டாவது அறுவைசிகிச்சைக்கு ஓட வேண்டாம். வயிறு விரிந்துவிட்டது என்று எல்லாரும் சந்தேகப்படுவார்கள், பல சமயம் சாப்பாட்டின் பதமும் கொறிப்பும்தான் காரணமாக இருக்கும். 2021இல் அனுமதி பெற்ற வெகோவி, 2023இல் வந்த ஸெப்பவுண்ட் போன்ற ஊசிகளை இப்போது அறுவைசிகிச்சை ஆனவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பசி மட்டுப்படும்போது புரதமும் நீரும் குறைந்துவிடும் என்பதால் அவற்றைக் கண்காணிப்போடுதான் எடுக்க வேண்டும். நண்பரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் பண்டம் அல்ல அவை.

விடாமல் வாந்தி, எதுவுமே இறங்காமல் இருப்பது, பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது ஆகியவை வந்தால் இந்த நூலை மூடிவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள். தயமின் விட்டமின் குறைந்தால் மூளையே பாதிக்கப்படும். அறுவைசிகிச்சை ஆனவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக நம்மவர்களின் ஒரு நடைமுறைச் சிக்கல். எடிசனில் அறுவைசிகிச்சை ஆகும், ப்ராஜெக்ட் முடிந்து ஃப்ரிஸ்கோவுக்கு மாறுவார்கள், இன்சூரன்ஸ் மாறும், தொடர் பரிசோதனை அத்தோடு நின்றுபோகும். சிலர் விடுமுறையில் சென்னையிலோ கோவையிலோ செய்துகொண்டு திரும்புவார்கள், இங்கே பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையில் வாங்கி வைத்திருங்கள். புது ஊரில் முதல் மாதமே ஒரு பேரியாட்ரிக் கிளினிக்கில் பதிவுசெய்துகொள்ளுங்கள். உங்கள் மிகக் குறைந்த எடையைக் குறித்து வைத்து, அதிலிருந்து பத்து பவுண்ட் ஏறிய அன்றே அங்கே போன் செய்யுங்கள். நாற்பது ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.